கேட்கக் கற்ற பிள்ளை

மருத்துவரின் அறையில் ஆட்டிசம் உடைய பதினான்கு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். "தம்பி, ராத்திரி நல்லாத் தூங்குறியா?" என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி அவன் செவியில் விழுந்து, பொருள் விளங்கி, விடை உருவாகி, அது வாய்க்கு வந்து சேர்வதற்குள், "எங்க டாக்டர் தூங்குறான், ஒரு மணி வரைக்கும் முழிச்சிக்கிட்டே இருக்கான்" என்று அவனுடைய தாயார் சொல்லி முடித்துவிடுகிறார். பிரியத்தினால் வருகிற அவசரம் இது; குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும் ஐந்து வயதில் தொடங்கிய இந்தப் பழக்கம் பதினைந்திலும் நீடிக்குமானால், தன்னைக் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் வேறொருவர் என்ற எண்ணமே அவன் மனத்தில் வேரூன்றிவிடும், பிறகு, பதினெட்டு வயது நிறைந்த ஒரு நாளில் நாலு பேர் சூழ்ந்து நின்று, "உனக்கு என்னப்பா விருப்பம்?" என்று கேட்டால் அவன் திகைக்காமல் வேறு என்ன செய்வான்?

சுபாவமும் சூழ்நிலையும்

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து 1943-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தைப் பற்றிய இன்றைய ஞானம் விரிந்தது என்பார்கள். இதைத் தமிழில் மதியிறுக்கம் என்று பெயர்த்தவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் இப்பிள்ளைகளிடம் மதி எங்கும் இறுகிக் கிடப்பதாக எனக்குத் தோன்றாமையால், அந்தச் சொல்லை நான் இங்கே வழங்கப்போவதில்லை. ஆட்டிசம் வியாதியன்று, மூளை வளரும் விதத்தில் அமைந்த ஒரு வேறுபாடு. மின்விசிறியின் இரைச்சலும், சட்டைக் காலரில் தைத்திருக்கும் சிறு துணியின் உறுத்தலும் சிலருக்குத் தாங்க முடியாத உபத்திரவமாகின்றன. ஜாடையாகவும் மறைமுகமாகவும் சொல்லப்படுவது பலருக்குப் பிடிபடுவதில்லை. கேட்ட கேள்விக்கு விடை கூறச் சற்று அதிகக் காலம் வேண்டியிருக்கிறது.

பருவ வயது வந்ததும் இதன்மேல் இன்னொரு பாரம் ஏறுகிறது. மற்றவர்களைப்போலவே தோன்றவேண்டும் என்ற ஆசையாலோ அச்சத்தாலோ, பகல் முழுதும் தன் சுபாவத்தை அடக்கி ஒளித்துக்கொண்டு, வீடு திரும்பியதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோர்ந்து விழுகிற பிள்ளைகள் உண்டு. பெண் குழந்தைகளிடம் இந்த ஒளித்தல் மிகுதி என்பார்கள். மனக்கலக்கமும் மனச்சோர்வும் ஆட்டிசம் உடைய இளைஞரிடையே மற்றவரைக் காட்டிலும் அதிகமாகக் காணப்படுகின்றன. "இந்த இரைச்சல் எனக்கு ஆகாது" என்று உரிய வேளையில் உரியவரிடம் சொல்லத் தெரிந்திருப்பது, ஆகவே, ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயமே ஆகும்.

சட்டம் போட்ட நாற்காலி

அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று, மாற்றுத்திறன் கொண்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் வகுக்கவேண்டும் என்று பள்ளிகளைக் கட்டுப்படுத்தியது. 1990-இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டியபோது ஆட்டிசத்தையும் தனி வகையாகச் சேர்த்தார்கள். 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளி முடிந்தபின் மாணவன் படிப்பிலும் வேலையிலும் என்ன செய்யப்போகிறான் என்பதற்கான இலக்குகள், அவனுக்கு 16 வயது நிறையும்போது நடப்பில் இருக்கும் திட்டத்திலாவது இடம்பெற்றாக வேண்டும்; அவற்றைப் பேசும் கூட்டத்துக்கு அவனையும் அழைத்தாக வேண்டும்.

நாற்காலியைப் போடச் சட்டத்தால் முடிந்தது. பேச வைக்க அதனால் முடியவில்லை. தன்னைப்பற்றியே பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அதில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அநேகர். கூட்டத்துக்கு முன்னதாக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்பது பின்னர்தான் விளங்கியது.

அட்டையும் அதன் பின்பக்கமும்

அப்பயிற்சிக்கென, சிறப்புக் கல்வி ஆய்வாளரான மைக்கேல் வேமையரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையொன்று இன்று வெகுவாகக் கையாளப்படுகிறது. என் இலக்கு என்ன, அதற்கு என் திட்டம் என்ன, இதுவரை நான் கற்றது என்ன என்று மூன்று கட்டங்கள். கட்டத்துக்கு நான்காகப் பன்னிரண்டு கேள்விகள். கேள்விகளெல்லாம் மாணவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் விதத்தில் அமைந்திருக்கின்றன என்பதே இதன் விசேஷம்; ஆசிரியர் விடை சொல்பவரல்லர், துணை நிற்பவர்.

உதாரணத்துக்கு, உணவுக்கூடத்தின் சந்தடி தாளாமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடும் மாணவன் ஒருவனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவனுக்கு இலக்கு வகுக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் விட்டால், "இருபது நிமிஷம் ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றுதான் பெரும்பாலும் எழுதுவார். அவனையே கேட்டு, பொறுமையாகக் காத்திருந்தால், வேறொன்று வருகிறது: சத்தம் பொறுக்காதபோது ஓர் அட்டையைக் காட்டிவிட்டு நூலகத்துக்குப் போகவேண்டும். முன்னது கூடத்தின் ஒழுங்குக்காக எழுதப்பட்டது. பின்னது அவன் வாழ்க்கை முழுவதற்கும் உதவக்கூடியது.

இரண்டாம் கட்டத்தில், "இதற்குத் தடையாக எது வரக்கூடும்?" என்ற கேள்வி எழுகிறது. சற்று நேரம் யோசித்துவிட்டு, "புது சார் வந்தா அட்டை புரியாது" என்கிறான். பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றாத இடையூறு அது. ஆகையால் அட்டையின் பின்பக்கத்தில், இம்மாணவன் பத்து நிமிஷம் நூலகத்தில் இருந்துவிட்டுத் திரும்புவான் என்று ஒரு வரி எழுதி, தலைமையாசிரியரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள்.

முன்னேற்றத்தை அளக்க, 1968-இல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் மனநல சிகிச்சைக்கென வகுத்த ஐந்து படி அளவுகோலைப் பல பள்ளிகள் எடுத்தாளுகின்றன. வாரத்தில் மூன்று நாள் தானாகவே அட்டையைக் காட்டினால் நடுப்படி. நான்கு நாளானால் ஒரு படி மேல். ஐந்து நாளும் காட்டினால் உச்சி. பிறர் நினைவூட்டினால் மட்டும் காட்டுவது ஒரு படி கீழ். இன்றுள்ளபடி சொல்லாமல் ஓடுவது அடிப்படி. தேறினான், தவறினான் என்ற இரண்டே சொற்களால் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அளவுகோல் விநோதமாகத் தோன்றலாம். மூன்றாம் கட்டத்தில் படி ஏறவில்லையென்று கண்டால், குறை கூறுவதில்லை. திட்டத்தையோ இலக்கையோ அவனே மாற்றிக்கொள்கிறான்.

வாய்ப்பேச்சு வேண்டுமென்பதில்லை

பேச்சு வராத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்கள், தனக்காகப் பேசுவதென்பதை நாக்கின் காரியமாக மட்டும் எண்ணிவிடுகிறார்கள். படத்தைச் சுட்டுவதும், பலகைக் கணினியில் எழுத்தைத் தட்டுவதும், தட்டைத் தள்ளிவைப்பதுங்கூடப் பேச்சுத்தான். "என்ன வேணும்?" என்று பொதுப்படக் கேட்பதைவிட, இரண்டு படங்களை வைத்துக் கேட்பது எளிது. ஆனால் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லும் வழக்கம் சிலருக்கு உண்டாதலால், வரிசையை மாற்றி மறுபடியும் ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

"வேண்டாம்" என்று சொன்னால் அதையும் மதிக்கவேண்டும். சொன்னபடியெல்லாம் கேட்பதையே நல்ல நடத்தையென்று பழக்கப்பட்ட பிள்ளை, தீய எண்ணத்தோடு நெருங்குகிறவனிடமும் மறுக்கத் தெரியாமல் நின்றுவிடக்கூடும். பெற்றோர் இதை லேசாக எண்ணலாகாது.

பெயரை மறைக்கலாமா?

மகனுக்கு ஆட்டிசம் என்பதை உறவினருக்கு மறைப்பது ஒருபுறமிருக்க, அவனுக்கே மறைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. காரணம் அறியாத பிள்ளை, தன்னைச் சோம்பேறியென்றும் அசடென்றும் தானே முடிவு கட்டிக்கொள்கிறது. வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப, பலத்தையும் சிரமத்தையும் சேர்த்தே எடுத்துச் சொல்வதுதான் நேர்மையென்பது என் அபிப்பிராயம். தேவை இன்னதென்று தெரியாதவன் எதைக் கேட்பான்?

நம் பள்ளிகளில்

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. பதினெட்டு வயது கடந்தவருக்கும் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்தது. 2016-இன் சட்டமோ, அவரும் பாதுகாவலரும் கலந்து முடிவெடுக்கும் முறையை முன்வைக்கிறது. கலந்து முடிவெடுப்பதற்குப் பள்ளிப் பருவத்திலேயே பழகியிருக்க வேண்டாமா?

பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கின்றன, நல்ல சலுகைகளே. ஆனால் விண்ணப்பத்தைப் பெற்றோர் நிரப்பி, பள்ளி அனுப்பி, ஆணை வந்து சேரும் வரையில், சொல்வதை எழுதுபவர் தனக்கு வேண்டுமா, கூடுதல் நேரம் மட்டும் போதுமா என்று அந்த மாணவனை ஒருவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பதற்குப் பணமும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையை வராந்தாவில் நிறுத்திவிடாமல் உடன் அழைத்துச் சென்று, அவனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி அவனை நோக்கியே இருக்கட்டும்.