ஆலை வாசலில் பலகை மாறுது; கடைக்காரர் கணக்கும் மாறுது!

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூர் கார் ஆலைக்கு எத்தனை பெயர்ப் பலகை மாறிவிட்டது!

1998-ல் இங்கிருந்துதான் மிட்சுபிஷி லான்சர் கார் வெளியே வந்தது. அம்பாசிடர் புகழ் இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பான் கம்பெனியோடு கைகோத்துத் தயாரித்த கார். அன்றைக்கு லான்சரில் வந்து இறங்கினால் ஆள் பெரிய புள்ளி!

அப்புறம் லான்சருக்கு மவுசு குறைந்தது. இசுசு வண்டிகளை இங்கே கூலிக்குப் பூட்டிக் கொடுத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி. 2016-ல் இசுசு அங்கே சொந்த ஆலை திறந்துவிட்டது.

2017-ல் பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனி, சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2021-ல் சிட்ரோயன் சி5, மறுவருஷம் சி3 என்று கார்கள் மறுபடி வெளியே வந்தன.

லாரியா, ராட்சசனா?

மேல்நல்லாத்தூர் கதை வேறே. 1971-ல் மண் அள்ளும் எந்திரம் செய்ய இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய பிரிவு அது. பின்னால் அமெரிக்க கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. சுரங்கங்களில் ஓடும் ராட்சத லாரிகள் இங்கே தயாராகின்றன. திருவள்ளூர், கிருஷ்ணகிரி மாவட்ட ஆலைகளை விரிவாக்க 12 வருஷத்தில் 500 கோடி ரூபாய் போடுவதாக 2023 ஜூலையில் தமிழக அரசோடு ஒப்பந்தமும் ஆயிற்று.

சம்பளம் எங்கே இறங்குது?

ஆலைக்குள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஊருக்கு என்ன லாபம் என்பது, ஷிப்டு விட்டதும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனி பஸ் ஏறி ஆவடி, அம்பத்தூரில் இறங்கினால் சம்பளமும் அங்கேதான் இறங்கும். திருவள்ளூர் மளிகைக்கடைக்கு மிஞ்சுவது டீ, பீடிக் காசு!

உள்ளூரிலேயே வாடகைக்கு இருப்பவர் கதை வேறே. வீட்டு வாடகை, பால், பள்ளிக்கூட பீஸ், தீபாவளி போனசில் ஜவுளி, ஒரு சவரன் நகை என்று அவர் சம்பளம் பத்து கை மாறும். லேத் பட்டறை, வேன்காரர், கேண்டீனுக்குக் காய்கறி போடுபவர் பிழைப்பும் இதில்தான். ஊராட்சிக்குத் தொழில் வரி, வீட்டு வரி தனி.

இதிலும் ஒரு சிக்கல். நிரந்தரத் தொழிலாளி என்றால் கடைக்காரர் நம்பி நோட்டில் எழுதுவார். பாங்கியும் கடன் தரும். கான்ட்ராக்ட் ஆள் என்றால் "ரொக்கமா குடுப்பா" என்பதுதான் பேச்சு. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது அவர்தானே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலைகள் அதிகம். அனல் வேலைக்கு பீகார், ஒடிசா ஆட்கள் நிறைய. சம்பளத்தில் பெரும்பகுதி போன் வழியே ஊருக்குப் போய்விடும். ஆனாலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி வாடகை தருகிறார்கள். அரிசிக்கடைக்காரர் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் வாங்கி வைத்து, "கித்னா சாஹியே?" என்று கேட்கப் பழகிவிட்டார்.