சம்பளமில்லா மகப்பேறு விடுப்பும் கடைக் கல்லாவும்

மகன் கடையைப் பார்த்துக்கொள்ள, மருமகள் தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் செல்வது இன்று காரைக்குடி வணிகக் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. பேறுகால விடுப்பு முடியும் சமயத்தில், "இன்னும் நாலு மாதம் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகிறேன்" என்று அவர் கேட்பதும் நியாயமே. அந்த நாலு மாதத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அது கடைக் கல்லாவிலிருந்துதான் போகும்.

சட்டம் தருவது எவ்வளவு?

1961-ம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டப்படி 12 வாரமாக இருந்த சம்பள விடுப்பு, 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரமாக உயர்ந்தது. இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு அடுத்த பேற்றுக்கு 12 வாரம்தான். இவ்விதிகள் 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தனியாரில் 26 வாரத்துக்கு மேல் கேட்பது நிர்வாகத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. ஆனால் பேறுகாலம் காரணமாக உடல்நலக் குறைவு ஏற்பட்டால், மருத்துவச் சான்றின்பேரில் மேலும் ஒரு மாதம் சம்பளத்துடன் விடுப்பு பெறலாம். சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுக்குமுன் இதைக் கவனிக்கவும்.

ஓர் உதாரணக் கணக்கு

மருமகள் கைக்கு வரும் சம்பளம் ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து மாதந்தோறும் சீட்டு ரூ.4,000, ஸ்கூட்டர் தவணை ரூ.2,500, காப்பீடு ரூ.1,500, நகைக்கடன் வட்டி ரூ.1,000, ஆக ரூ.9,000 கட்டுகிறார். குழந்தைச் செலவு ரூ.3,000 சேர்ந்தால் ரூ.12,000. நாலு மாதத்துக்கு ரூ.48,000 வேண்டும்.

கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து சேர்த்தால், பிரசவம் வரை 6 மாதம், சம்பள விடுப்பில் 6 மாதம், மொத்தம் 12 மாதம் கிடைக்கும். மாதம் ரூ.4,000 ஒதுக்கினால் தொகை சரியாகிவிடும். குழந்தைச் செலவு போகவும் கையில் ரூ.2,000 மிஞ்சும்.

கல்லாவில் எடுத்தால்?

நூறு ரூபாய்ச் சரக்கில் எட்டு ரூபாய் நிற்கும் மளிகைக் கடையில், மாதம் ரூ.12,000 எடுக்க வேண்டுமானால் கூடுதலாக ரூ.1,50,000 சரக்கு விற்றாக வேண்டும். விற்பனை அப்படிக் கூடாவிட்டால், எடுப்பது லாபத்தை அல்ல, முதலை. நாலு மாதத்தில் ரூ.48,000 சரக்கு குறைந்துவிடும். அது மாதம் ஒருமுறை புரளும் சரக்கானால் மாதம் ரூ.3,840 லாபமும் போகும். மருமகள் வேலைக்குத் திரும்பிய பின்னும் இந்த நஷ்டம் தொடரும். "உளுந்து நாளைக்கு வரும்" என்று இரண்டு முறை சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

செய்ய வேண்டியவை

1. ஒதுக்கும் பணத்தை மருமகள் பெயரிலேயே வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போடவும். அஞ்சலக ஆர்.டி. 5 ஆண்டுத் திட்டம், இதற்குப் பொருந்தாது.

2. இந்தக் காலத்தில் புதுச் சீட்டில் சேர வேண்டாம்.

3. விடுப்பின் தேதி, திரும்பச் சேரும் நாள், அதே வேலை உண்டா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கவும்.

4. சம்பளத்தில் பிடித்தமாகும் கடன் இருந்தால், சம்பளமில்லாத மாதங்களில் நாமே கட்ட வேண்டும். அம்மாதங்களில் பி.எஃப். பணமும் சேராது. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு தொடருமா என்று கேட்கவும்.

5. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள, இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த பெண்களுக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது. விண்ணப்பித்துப் பெறும் பணமாதலால், 1-ந் தேதியே வரும் என்று நம்பித் தவணை வைக்கக் கூடாது.

வேறு வழியின்றிக் கடைப் பணத்தைத் தொட நேர்ந்தால், வீட்டுக் கணக்கில் பற்று எழுதி, அவர் வேலைக்குத் திரும்பியதும் தவணையாக வரவு வைக்கவும். நகரத்தார் வீடுகளில் மணமான மகனை "வேறு வைத்து", ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று தனியே கொடுத்துவந்த வழக்கம் நமக்குத் தெரிந்ததே. ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பும் கணக்கும் தனி. கடைக்கும் வீட்டுக்கும் அந்த முறையே நல்லது.

கடைசியாக ஒன்று. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சட்டம் தொடாத சிறு கடையானாலும், நம்மிடம் வேலை செய்யும் பெண் விடுப்பு கேட்டால், நம் மருமகளுக்கு அவருடைய நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதை நாமும் செய்யலாம். திரும்பி வரும் நாளை எழுதிக் கொடுப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.