நாற்பது ஏக்கரும் ஒரு மானின் மூக்கும்

அமெரிக்காவின் வடக்கே, விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் பாதி ஊர் காட்டுக்குள் போய்விடும். துப்பாக்கியால் மான் வேட்டையாட அரசு ஒதுக்கியிருக்கும் நாட்கள் அவை. உரிமம் வாங்குவோர் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஆசிரியர், தச்சர், நர்ஸ், பால்பண்ணைக்காரர் என எல்லாரும் அதில் உண்டு. அவர்களில் பலர் வேட்டையாடுவது சொந்த நிலத்தில்தான்: மக்காச்சோள வயலுக்குப் பின்னால் ஓக் மரங்கள் நிறைந்த ஒரு சரிவு, கீழே ஓர் ஓடை. அப்படி ஒரு நிலத்தைப் புதிதாக வாங்கியவர் எந்தத் துப்பாக்கி நல்லது என்றுதான் முதலில் விசாரிப்பார். அதைக் கடைசியில் விசாரித்தால் போதும். அதற்கு முன்பு அவர் படிக்க வேண்டிய பாடங்கள் காற்றிலும் மண்ணிலும் மானின் உடம்பிலும் இருக்கின்றன. எனக்கு இந்த வேட்டையில் பெரிய வியப்பே அந்தப் பாடங்கள்தான்.

முதலில் நிலக்கணக்கு. 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவின் நிலங்கள் சதுர மைல் சதுர மைலாக அளக்கப்பட்டன. ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். அதில் கால், அந்தக் காலிலும் கால் என்று பிரித்தால் வருவது 40 ஏக்கர். அங்கே பண்ணைக்காரர்களின் பேச்சில் அடிபடும் வழக்கமான அளவு அது. நம் கணக்கில் பெரிய நிலம்தான். ஆனால் அந்தப் பகுதியில் வாழும் வெள்ளைவால் மான் ஒன்று நடமாடும் வட்டாரம் ஏறத்தாழ ஒரு சதுர மைல். அதாவது 40 ஏக்கர்காரரின் நிலம் மானின் உலகத்தில் பதினாறில் ஒரு பங்கு. இன்று இவர் நிலத்தில் மேயும், நாளை பக்கத்து நிலத்தில் படுக்கும். வேலி அதற்குப் பொருட்டே இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஏழடி உயரம் தாண்டக்கூடிய பிராணி அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதில் நடமாடும் மான் மக்கள் எல்லாருக்கும் பொது, அரசு அதன் காவலர். சொந்த நிலமானாலும் உரிமம் வேண்டும், காலவரம்பு உண்டு, சுட்ட மானைப் பதிவு செய்ய வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் விஸ்கான்சினில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்திலும் மானைத் தொடக்கூடாது. அமெரிக்காவில் வழி வேறாகப் போனதற்குக் காரணம் உண்டு. 1900 வாக்கில் அந்நாடு முழுவதும் எஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் சில லட்சம் மட்டுமே. சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். பிறகு சந்தை வேட்டை தடை செய்யப்பட்டது. 1937-இல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது போட்ட வரி வனவிலங்குகளை மீட்கும் பணிக்கே திருப்பிவிடப்பட்டது. இன்று அவை சுமார் மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனதால், எண்ணிக்கை கட்டுமீறாமல் பார்க்கும் வேலை மனிதனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது மூக்குக்கு வருவோம். மானின் உலகம் வாசனையால் ஆனது. அதன் குளம்பின் இரு பிளவுகளுக்கு இடையே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் மண்ணில் ஒரு துளி மணத்தை விட்டுச் செல்கிறது. சந்தேகம் வந்தால் மான் முன்னங்காலைத் தரையில் ஓங்கி மிதிப்பதைப் பார்க்கலாம். சத்தம் பக்கத்தில் உள்ள மான்களுக்கு எச்சரிக்கை. அதோடு இங்கே ஏதோ சரியில்லை என்ற வாசனைக் குறிப்பும், பின்னால் வரப்போகும் மான்களுக்காக, அந்த இடத்தில் பதிந்துவிடுகிறது. கண்ணோரம், நெற்றி, பின்னங்காலின் உட்புறம் எனச் சுரப்பிகள் இன்னும் உண்டு. மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒரு கருவி. பெண் மானின் சிறுநீரில் உள்ள ரசாயனச் செய்தியைப் படிப்பதற்கென்றே அமைந்தது. ஆண் மான் மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்பது அந்தச் செய்தியைப் படிக்கும் நேரம்.

இப்படிப்பட்ட மூக்கிடம் சோப்பு மாற்றிக் குளித்தும் வாசனைத் தெளிப்பான் அடித்தும் தப்பிவிடலாம் என்று பலர் பணம் செலவழிக்கிறார்கள். என் கருத்தில் அதைவிட இலவசமானதும் நம்பகமானதும் காற்றுவாக்கு அறிந்து உட்காருவது. மான் எந்தத் திசையிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறோமோ, அங்கிருந்து காற்று நம்மை நோக்கி வர வேண்டும். கேட்க எளிது. மலைச்சரிவு உள்ள நிலத்தில்தான் இதன் சிக்கல் தெரியும்.

விஸ்கான்சினின் தென்மேற்கு மூலை பனியாறுகள் தேய்க்காமல் விட்ட பகுதி. சுற்றிலும் நிலம் மழிக்கப்பட்டுச் சமமாகக் கிடக்க, இங்கே மட்டும் செங்குத்தான மேடுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் அப்படியே நிற்கின்றன. வானிலை அறிக்கை மேற்குக் காற்று என்று சொல்லும் மாலையில்கூட இந்தச் சரிவுகளில் காற்று தன்பாட்டுக்கு வேறு பக்கம் போகும். காலையில் வெயில் பட்டதும் சரிவின் மண் சூடாகிறது. அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறுகிறது. மாலையில் நிழல் விழுந்ததும் அதே காற்று குளிர்ந்து கனத்து, வாய்க்காலில் தண்ணீர் இறங்குவது போல, பள்ளம் பார்த்து இறங்குகிறது. இதைச் சரிவுக்காற்று எனலாம். வேட்டைக்காரருக்கு இதன் பொருள் நேரானது: வெயில் ஏறும் காலையில் மானுக்கு மேலே உட்கார வேண்டும், மாலையில் கீழே. மாலையில் மேட்டில் உட்கார்ந்தவரின் வியர்வை வாசனை, ஓடையோரம் மேயும் ஒவ்வொரு மானுக்கும் தவறாமல் போய்ச் சேரும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தைப் பார்க்க அங்குள்ளவர்கள் கையாளும் கருவி அருமையானது. வயலோரம் முளைக்கும் பால்செடியின் காய்ந்த காயை உடைத்து, உள்ளே இருக்கும் பட்டுப் பஞ்சில் ஒரு விதையை எடுத்துக் காற்றில் விடுகிறார்கள். நம் எருக்கஞ்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது; எருக்கம் பஞ்சைத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்ததுதான். பஞ்சு முதலில் வடக்கே நகரும், இருபதடி போனதும் ஒரு மரத்தடியில் சுழலும், பிறகு சட்டென்று தாழ்ந்து பள்ளத்தை நோக்கி வழுக்கும். வானிலை அறிக்கையில் இல்லாத வரைபடம் அந்த ஒரு விதையில் கிடைத்துவிடும். புதியவர் துப்பாக்கியைத் தொடாமல் சில மாலைகள் இதை மட்டும் செய்து பார்க்கலாம்.

கண் விஷயம் வேறு மாதிரி. வேட்டைக் காலத்தில் பளீரென்ற ஆரஞ்சு உடை கட்டாயம், ஒரு வேட்டைக்காரரை மற்றவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க. இவ்வளவு பளிச்சென்று உடுத்தினால் மான் ஓடிவிடாதா? ஓடாது. நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. நீலத்தையும் பச்சையையும் பிடிக்கும் செல்கள் உண்டு, சிவப்புக்கு இல்லை. எனவே ஆரஞ்சு நிறம் அதற்கு மங்கலான ஏதோ ஒரு மரப்பட்டைச் சாயல். மாறாக நீல ஜீன்ஸ் எடுப்பாகத் தெரியும். நம் கண்வில்லை புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும், மானின் வில்லை கணிசமாக உள்ளே விடும். வெள்ளை வெளேரென்று காட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிரூட்டிகள் இதனால்தான் வம்பு: துவைத்த சட்டை அதிகாலை மங்கலில் மானின் கண்ணுக்கு மினுங்கும். 2016 முதல் விஸ்கான்சினில் ஆரஞ்சுக்குப் பதில் பளீர் இளஞ்சிவப்பும் அணியலாம். மானைப் பொறுத்தவரை அதுவும் ஒன்றுதான்.

நிறத்தில் இழந்ததை மான் அசைவில் ஈடுகட்டிவிடுகிறது. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களும் கிடைமட்டக் கண்மணியும் சேர்ந்து தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை காட்டுகின்றன. கையுறையைச் சரிசெய்யும் ஒரு சின்ன அசைவு போதும். காதுகள் தனித்தனியே திரும்பும். மனிதக் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியும் கேட்கும். கொக்கி இரும்பில் தட்டும் ஒலி காட்டில் இயல்பாக எழுவதில்லை என்பது அதற்குத் தெரியும்.

அப்படியானால் மானை எங்கே எதிர்பார்ப்பது? பதில் அதன் வயிற்றில் இருக்கிறது. மாட்டைப் போல இதற்கும் நான்கு அறை வயிறு. திறந்த இடத்தில் நெடுநேரம் நிற்பது ஆபத்து என்பதால், அவசரமாக வயிறு நிறையக் கடித்துக்கொண்டு புதருக்குள் போய்ப் படுத்து அசைபோடும். ஆகவே மானின் நாள் இரண்டு இடங்களுக்கு இடையே ஓடுகிறது: மேயுமிடம், படுக்குமிடம். இரண்டையும் இணைக்கும் ஒற்றையடித் தடத்தில், படுக்குமிடத்தைக் கலைக்காத தூரத்தில் காத்திருப்பவருக்கே வாய்ப்பு. விடியலிலும் அந்தியிலும் மான் அந்த வழியே போகும். படுக்குமிடத்துக்குள் ஒருமுறை நடந்துவிட்டால் காலடி வாசனை வெகுநேரம் தங்கி, மான் இரவில் மட்டும் நடமாடத் தொடங்கிவிடும். சொந்த நிலமாயிற்றே என்று தினமும் சுற்றிப் பார்க்கும் ஆசைதான் புதியவரின் பெரிய எதிரி.

மேயுமிடத்தைக் கண்டுபிடிப்பதிலும் நுட்பம் உண்டு. நுனி கடிபட்ட ஒரு குச்சியை எடுத்து உற்றுப் பாருங்கள். கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருந்தால் முயல். நார்நாராகப் பிய்ந்திருந்தால் மான். அதற்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது, ஈறோடு சேர்த்து அழுத்தி இழுத்துத்தான் ஒடிக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் விழத் தொடங்கினால் மக்காச்சோள வயலைக்கூட விட்டு மரத்தடிக்கு வரும். அதிலும் வெள்ளை ஓக் கொட்டைக்குத்தான் முதலிடம். சிவப்பு ஓக் கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும், துவர்ப்பும் அதிகம். வெள்ளை ஓக் ஒரே பருவத்தில் முதிரும், துவர்ப்பு குறைவு. நாற்பது ஏக்கரில் நிற்கும் வெள்ளை ஓக் மரங்களைத் தெரிந்து வைத்திருப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

நவம்பரில் இந்தக் கணக்கு முழுவதும் கலைகிறது. பகல் சுருங்கச் சுருங்க, இருட்டின் நீளத்தை மானின் மூளை மெலடோனின் என்ற இயக்குநீரால் அளக்கிறது. குளிரோ நிலவோ அல்ல, பகலின் நீளம்தான் இனச்சேர்க்கைக் காலத்தைத் தொடங்கி வைக்கிறது. ஏன் இத்தனை துல்லியம்? சினைக்காலம் சுமார் 200 நாள். நவம்பர் நடுவில் கருவுற்றால் குட்டி பிறப்பது மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில். அப்போதுதான் விஸ்கான்சினில் பசுமை தழைத்து, தாய்க்குப் பால் சுரக்கத் தீனி கிடைக்கும். முந்தினால் பனி, பிந்தினால் குளிர்காலத்துக்குள் குட்டி தேறாது. பெண் மானின் வேட்கை நீடிப்பது ஏறத்தாழ ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத் தவறவிடக்கூடாது என்று ஆண் மான்கள் பட்டப்பகலில் அலைகின்றன. கொம்பால் மரப்பட்டையை உரசி உரிக்கின்றன. தாழ்ந்த கிளைக்கு அடியில் மண்ணைக் கீறி, கிளையை நக்கி, தங்கள் மணத்தை விட்டுச் செல்கின்றன. புதியவர் இந்தக் கீறல்களை ஒரு வரைபடத்தில் குறித்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

உட்காருவதற்குப் பெரும்பாலோர் மரத்தில் 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் அமைக்கிறார்கள். மானின் கண்மட்டத்துக்கு மேலே இருப்பது ஒரு லாபம். மேலிருந்து சாய்வாகச் சுடும்போது குண்டு தவறினாலும் மண்ணில்தான் புதையும் என்பது இன்னும் பெரிய லாபம், பக்கத்து நிலத்தில் ஆள் இருக்கக்கூடும் அல்லவா. ஆனால் வேட்டை விபத்துகளில் முன்வரிசையில் நிற்பது பரணிலிருந்து விழுவதுதான். தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் உடல்பட்டையை மரத்தோடு இணைக்க வேண்டும். குண்டேற்றாத துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுக்க வேண்டும்.

சுடும் கணத்துக்கு ஒரே விதி: மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், குறி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே. அங்கே ஒரு சாண் அகலத்துக்குள் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. மான் நொடிகளில் விழும், அதிக வேதனை இல்லை. கோணம் சரியில்லையென்றால் விட்டுவிடுவதே முறை. பட்டபின் ஓடினால் பின்னாலேயே துரத்தக்கூடாது. நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். நுரையோடு கூடிய வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகத் தழை கலந்திருந்தால் வயிறு. அப்போது பல மணி நேரம் பொறுக்க வேண்டும். துரத்தாவிட்டால் மான் சீக்கிரமே படுத்துவிடும், துரத்தினால் மைல்கணக்கில் போகும். எல்லை தாண்டிப் போனால் பக்கத்து நிலக்காரரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே போகக் கூடாது. அந்த அனுமதியைச் சீசனுக்கு முன்பே பேசி வைப்பவர் புத்திசாலி.

இறைச்சியைச் சமைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாட்பட்ட நலிவு நோய், 2002-இல் விஸ்கான்சின் மான்களில் கண்டறியப்பட்டது. இதைத் தருவது கிருமியல்ல. பிரியான் எனப்படும், தவறாக மடிந்த ஒரு புரதம். தன்னைத் தொடும் நல்ல புரதங்களையும் அதே போல மடித்துவிடும். சமைக்கும் சூட்டில் அழியாது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நோயுற்ற மான் நன்றாகவே தோற்றமளிக்கலாம் என்பதால், தலைப்பகுதியின் நிணநீர்க் கணுக்களைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரில் தனியே பெயர் எழுதி வைக்கிறார்கள். முதுகெலும்பையும் தலையையும் காட்டோரம் வீசாமல், அதற்கென்று வைத்திருக்கும் குப்பைத் தொட்டிகளில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே நாற்பது ஏக்கரில் மேய வரும் மான்களுக்கு அந்த மண்தானே தீனித்தட்டு.