உள்ளடங்கிய வகுப்பறைத் தமிழ்ப் பாடத்தில் சிறப்பாசிரியரின் பங்கு

முன்னுரை

மாற்றுத்திறனுடைய குழந்தைகள் பிற குழந்தைகளோடு ஒரே வகுப்பில், தத்தம் தேவைக்கேற்ற உதவியுடன் பயில்வது உள்ளடங்கிய கல்வி எனப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இக்கல்விக்கு வழிவகுக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், இச்சட்டத்திற்கு முன்பே இருவகைக் குழந்தைகளும் சேர்ந்து பயிலும் பள்ளியை நடத்தியது. இத்தகைய வகுப்பின் தமிழ்ப் பாடத்தில் சிறப்பாசிரியர் ஆற்றும் பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

வரிவடிவமும் பிரெயிலும்

உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. பிரெயில் எழுத்து இம்முறையையே பின்பற்றுகிறது. வரிவடிவமோ சிலவிடங்களில் மாறுபடுகிறது. ‘தென்காசி’ என எழுதுகையில் ஒற்றைக்கொம்பு தகரத்திற்கு முன் நிற்கிறது. பிரெயிலில் தகரத்தின் பின்னரே எகரக் குறி வருகிறது. ‘குற்றாலம்’ என்பதன் றாகாரத்தில் துணைக்கால் மெய்யின் பின் வருவதால் இச்சிக்கல் இல்லை. எனவே, “கொம்பு போட்டுத் தகரம் எழுதுக” என்று ஆசிரியர் சொல்லும்போது பார்வையற்ற மாணவர் தடுமாறுவார். “த், எ – தெ” என ஒலிவழிச் சொல்லுமாறு வகுப்பாசிரியருக்கு எடுத்துரைப்பது சிறப்பாசிரியரின் கடமை. இம்முறை எழுத்துக்கூட்டத் திணறும் பிற மாணவர்க்கும் பயன்படும்.

ஒலியும் இதழசைவும்

பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பதால், இதழசைவைக் கண்டு அறியும் செவித்திறன் குறையுடைய மாணவர்க்குப் ‘படம்’, ‘மடம்’ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ல, ள, ழ ஆகியவற்றின் நாநிலை வாயினுள் மறைந்திருக்கும். ஆசிரியர் கரும்பலகை நோக்கித் திரும்பிப் பேசினால் இதழசைவும் மறைந்துவிடும். ஆதலின் மாணவரை நோக்கிப் பேசுதல், புதுச்சொல்லை முதலில் எழுதிக் காட்டுதல், படத்தோடு இணைத்தல் ஆகியவற்றைப் பாடத்திட்டமிடும்போதே இருவரும் கலந்து முடிவுசெய்தல் வேண்டும்.

பணியின் எல்லை

அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் பலர் ஒன்றிய அளவில் அமர்த்தப்பட்டு, ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்றுவருகின்றனர். அவர் வாராத நாள்களில் மாணவரின் கற்றல் தமிழாசிரியரையே சார்ந்துள்ளது. மாணவரைத் தனியே அமர்த்திக் கற்பிப்பதோடு சிறப்பாசிரியரின் பணி முடியுமாயின், ஏனைய நாள்களில் அம்மாணவர் வகுப்பில் இருந்தும் பாடத்திற்குப் புறத்தே நிற்பார்.

முடிவுரை

சிறப்பாசிரியர் வந்துசென்ற பின்னரும் வகுப்பாசிரியரின் கற்பித்தலில் நிலைத்திருக்கும் மாற்றமே அவர் பணியின் அளவுகோல். அம்மாற்றத்திற்குத் தமிழின் எழுத்தியல், ஒலியியல் அறிவு அடிப்படையாதலின், இத்துறையில் தமிழாய்வாளரின் பங்களிப்பும் இன்றியமையாதது.