இழுக்க முடியும், அடக்க முடியுமா?

நம்மூரில் 'கேரவன்' என்றவுடன் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். பிரிட்டனில் அச்சொல் குறிப்பது வேறொன்றை. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீடு அது. அதற்கென்று தனி எஞ்சின் கிடையாது. குடும்பக் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

1997 ஜனவரி 1 முதல் அங்கு கார் ஓட்டுநர் உரிமம் பெற்றவர்கள், கனமான கேரவனை இழுப்பதற்குத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 அன்று அத்தேர்வு நீக்கப்பட்டது. இன்று சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவரே 3,500 கிலோ வரையிலான இழுவண்டியை இழுத்துச் செல்லலாம்.

தேர்வை நீக்கியதற்கு முதன்மைக் காரணம், நாட்டில் நிலவிய லாரி ஓட்டுநர் பற்றாக்குறை. தேர்வாளர்களின் நேரத்தை லாரி ஓட்டுநர் தேர்வுகளுக்குத் திருப்பிவிட அரசு விரும்பியது. பற்றாக்குறையான வளத்தை அதிகத் தேவையுள்ள இடத்துக்கு மாற்றுவது பொருளியலின் பாலபாடம். ஆனால், ஓரிடத்தில் மிச்சமாகும் செலவு பல நேரங்களில் மறைவதில்லை. வேறொருவர் தலையில் ஏறுகிறது. இங்கே அந்த வேறொருவர், அதே சாலையில் செல்லும் முன்பின் அறியாத பயணி.

உரிமம் அனுமதிக்கும் எடை ஒன்று. கார் தாங்கும் எடை மற்றொன்று. நிலைகுலையாமல் செல்லக்கூடிய எடை மூன்றாவது. இம்மூன்றில் எது குறைவோ அதுவே உண்மையான வரம்பு.

கார் தயாரிப்பாளர் குறிப்பிடும் இழுவை வரம்பு, பெரும்பாலும் 12 விழுக்காடு ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் புறப்பட இயலுமா என்ற சோதனையைச் சார்ந்தது. அது எஞ்சினின் ஆற்றலைச் சொல்கிறது. பக்கவாட்டுக் காற்றிலும் இறக்கத்திலும் காரைக் கேரவன் ஆட்டிப்படைக்குமா என்பதை அது சொல்வதில்லை. இழுக்கும் வலிமை வேறு. அடக்கும் வலிமை வேறு.

அதற்காகத்தான் பிரிட்டன் கேரவன் அமைப்புகள் 85 விழுக்காடு என்ற வழிகாட்டுதலை வகுத்துள்ளன. கேரவனின் அனுமதிக்கப்பட்ட முழுச்சுமை எடை, பயணிகளும் சாமான்களும் ஏறாத காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது. கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அனுபவசாலிகள் 100 விழுக்காடு வரை செல்லலாம். அதற்கு மேல் எவருக்கும் பரிந்துரை இல்லை. இது சட்டமன்று, அறிவுரை. ஆனால், தயாரிப்பாளரின் வரம்பு கட்டாயமானது. காரில் பொறித்த தகட்டில், காரும் கேரவனும் சேர்ந்து எட்டக்கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். சில மின்சாரக் கார்கள் எடை மிகுந்தவையாக இருந்தும், இழுவைக்கு அனுமதியே பெறாதவை. ஆகவே, காரின் கனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

மொத்த எடை பொருந்தினாலும் போதாது. அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கேரவனின் முன்முனை, காரின் இணைப்புக் குமிழின் மீது தன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு அழுத்த வேண்டும். 1,360 கிலோ கேரவனுக்கு இது 68 முதல் 95 கிலோ. காருக்கும் இணைப்புக்கும் விதிக்கப்பட்ட வரம்பையும் இது மீறக்கூடாது. கனமான பொருள்களைத் தரைமட்டத்தில், அச்சுக்கு அருகே வைக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் முன்முனை இலகுவாகி, கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும்.

அந்நெளிவை வேகம் பெரிதாக்கும். பிரிட்டனில் கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பில்லாத சாதாரண நெடுஞ்சாலையில் 50 மைல் உச்ச வரம்பு. 50இலிருந்து 60 மைலுக்குச் செல்லும்போது வேகம் 20 விழுக்காடுதான் கூடுகிறது. இயக்க ஆற்றலோ 44 விழுக்காடு கூடுகிறது. நெளிவு தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், வேகம் கூட்டித் தப்ப முயல்வதும் ஆபத்து.

இவ்வளவும் பெருக்கலும் கழித்தலும்தான். ஆயினும் கேரவன் வாங்குபவர் கட்டிலையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்க்கும் அக்கறையுடன் எடைத் தகட்டைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளாது. எனவே, கேரவனை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், வாடிக்கையாளரின் காரோடு பொருந்தும் எடைக் கணக்கை எழுத்தில் தந்து கையொப்பமிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குத் தேர்வாளர் தேவையில்லை; பத்து நிமிடமும் ஒரு தாளும் போதும்.

தேர்வை நீக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால், தேர்வு கற்பித்த அறிவையும் சேர்த்து நீக்கிவிட்டால், எஞ்சியிருப்பது ஓட்டுநரின் அதிர்ஷ்டம் மட்டுமே. சாலைப் பாதுகாப்பை அதன் பொறுப்பில் விடலாகாது.