மூச்சுத் திணறும் மோட்டார்

மேலப்பாளையத்து அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் பிடிப்பவர் வீட்டிலோ மனம் கொதிக்கிறது! வளையலை அடகு வைத்துப் புதுப்பித்த படகு மோட்டார், சற்று தூரம் ஓடி நடுக்கடலில் நின்றால் கொதிக்காதா?

சகோதரிகளே, எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் திணறுமல்லவா? எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் தாராளமாக வரும். மோட்டாருக்கும் அதே கதைதான். தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது.

மோட்டார் தள்ளாடும்போது குழாயிலுள்ள ரப்பர்க் குமிழை அமுக்கினால் உயிர் வருகிறதா? கோளாறு எண்ணெய் வரத்தில்தான். முதலில் மூடியைத் தளர்த்துங்கள். பிறகு குழாய் மூட்டுகள், வடிகட்டி, பம்பு.

கரையோரத் தண்ணீரிலேயே நெடுநேரம் ஓட்டிப் பார்த்த பின்பே கடல். அடுத்த வளையல் கையிலேயே இருக்கட்டும்!