தார்ச்சாலையில் பகுதிநேர நாற்சக்கர இயக்கம்

பகுதிநேர நாற்சக்கர இயக்கம் என்பது, வழக்கமாகப் பின்சக்கரங்களால் மட்டும் செலுத்தப்படும் வண்டியில், ஓட்டுநர் வேண்டும்போது முன்சக்கரங்களையும் எஞ்சினுடன் இணைத்துக்கொள்ள உதவும் அமைப்பாகும். சேறு, மணல், பனி, சரளைக்கல் போன்ற பிடிப்புக் குறைந்த தரைகளுக்காகவே இது உருவாக்கப்பட்டது. உலர்ந்த தார்ச்சாலையிலோ காங்கிரீட் சாலையிலோ இதனை இணைத்து ஓட்டினால் டயர்களும் உந்துதண்டுகளும் பல்சக்கரங்களும் கடும் இறுக்கத்துக்கு உள்ளாகின்றன. வளைவுகளில் வண்டி, ஓட்டுநர் திருப்பும் அளவுக்குத் திரும்பாமலும் போகலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் எம்பி ஜீப் இவ்வமைப்பை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்சி, 2010இல் வெளிவந்த மகிந்திரா தாரின் நாற்சக்கர இயக்க வகை, 2023இல் விற்பனைக்கு வந்த மாருதி சுசுக்கி ஜிம்னி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

அமைப்பு

கியர்ப் பெட்டிக்கு அடுத்து, டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டி அமைந்துள்ளது. இதிலிருந்து ஓர் உந்துதண்டு பின் அச்சுக்கும் மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. இதற்கெனத் தனி நெம்புகோல் உண்டு. சில வண்டிகளில் திருகுவிசை உண்டு. 2எச் நிலையில் பின் அச்சு மட்டும் இயங்கும். 4எச் நிலையில் இரு அச்சுகளும் இயங்கும். 4எல் நிலையில் இரு அச்சுகளும் இயங்குவதோடு, வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகும். வில்லிஸ் ஜீப்பில் இந்தக் குறைப்பு 1.97:1 ஆகும். 4எச் என்பதில் உள்ள 'எச்' எழுத்தை நெடுஞ்சாலையைக் குறிப்பதாகக் கொள்வோர் உளர். அது உயர் கியர் விகிதத்தை மட்டுமே குறிக்கிறது. எந்தச் சாலைக்கு ஏற்றது என்பதை அது சொல்வதில்லை.

ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிபரன்சியல் எனப்படும் வேறுபாட்டுப் பல்லிணை இருப்பதால், வளைவில் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடிகிறது. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அத்தகைய பல்லிணை பகுதிநேர அமைப்பில் இல்லை. முன்சக்கரங்களை இணைத்தவுடன் இரு உந்துதண்டுகளும் ஒரே தண்டு போலப் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. சேற்றில் இதுவே இவ்வமைப்பின் வலிமை. ஓர் அச்சின் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றாலும் மற்ற அச்சுக்கு விசை தொடர்ந்து செல்லும்.

வளைவில் நிகழ்வது

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. 2020இல் வெளிவந்த மகிந்திரா தாரின் இரு அச்சுகளுக்கு இடையேயான தொலைவு 2.45 மீட்டர். அதன் பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்வதாகக் கொண்டால், பித்தாகரசு தேற்றத்தின்படி முன் அச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 5.57 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். கால் வட்டம் திரும்பி முடிக்கும்போது பின் அச்சு 7.85 மீட்டரும் முன் அச்சு 8.75 மீட்டரும் கடந்திருக்கும். 90 செ.மீ. அளவுள்ள இந்த வேறுபாட்டை, பிணைக்கப்பட்ட உந்துதண்டுகள் அனுமதிப்பதில்லை.

மணலில் ஏதேனும் ஒரு டயர் சற்று வழுக்கி வேறுபாட்டைத் தீர்த்துவிடும். உலர்ந்த தாரின் பிடிப்பு அதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. தண்டுகள் முறுக்கேறுகின்றன. முன்சக்கரங்கள் பிரேக் பிடிக்கப்பட்டவை போலப் பின்னிழுக்க, பின்சக்கரங்கள் வண்டியை முன்தள்ளுகின்றன. முறுக்கு எல்லை மீறியதும் ஒரு டயர் திடீரெனத் தாவி வழுக்கும். வண்டி வெட்டிவெட்டிச் செல்வதுபோல் தோன்றும். இந்த இறுக்கத்தின் உச்ச அளவை எஞ்சினின் திறன் அன்று, டயர்களின் பிடிப்பே தீர்மானிக்கிறது. ஆகவே மெதுவாகச் செல்வது இதற்குத் தீர்வாகாது.

இடப்புறம் திரும்பியதால் ஏறிய முறுக்கு வலப்புறம் திரும்பினால் இறங்கிவிடும் என்பது தவறான கருத்து. எப்பக்கம் திரும்பினாலும் கூடுதல் தொலைவு செல்வது முன் அச்சே. எனவே முறுக்கு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் மலைப்பாதைகளில் இது விரைவாக உணரப்படும்.

நேர்ச்சாலையிலும் இறுக்கம் முற்றிலும் இல்லாமற் போவதில்லை. தேய்மானத்தாலோ காற்றழுத்தத்தாலோ முன் டயர்களின் சுற்றளவு 1 விழுக்காடு குறைந்திருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 மீட்டர் வேறுபாடு சேர்கிறது. இதனை டயர்கள் உராய்ந்து ஈடுசெய்வதால் அவை விரைவில் தேய்கின்றன.

அறிகுறிகளும் விடுவித்தலும்

ஸ்டீயரிங் கனமாதல், குறுகிய வளைவில் வண்டி தானே நின்றுவிட முயலுதல், டயர்களின் கிறீச்சொலி, நெம்புகோலை 2எச் நிலைக்கு இழுக்க இயலாமை ஆகியன முறுக்கேறியதன் அறிகுறிகள். நெம்புகோலை வலிந்து இழுப்பது பற்களைச் சேதப்படுத்தக்கூடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி சிறிது தொலைவு பின்னோக்கிச் சென்றால் முறுக்கு எதிர்த்திசையில் அவிழ்ந்து, நெம்புகோல் எளிதாக நகரும். சாலையோர மண்ணில் இரு சக்கரங்களை இறக்கிச் சில மீட்டர் ஓட்டுவதும் பயன் தரும்.

மழையும் பனியும்

மழையில் நனைந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கம் பாதுகாப்பு அளிக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது, ஆபத்தானதும் அதுவே. ஈரத் தாரின் பிடிப்பு உலர்ந்த தாரைவிடக் குறைவே எனினும், முறுக்கேறுவதற்கு அது போதுமானது. மேலும், பிரேக்கிடும் தொலைவை நாற்சக்கர இயக்கம் குறைப்பதில்லை. வண்டி எளிதாகப் புறப்பட்டு வேகமெடுப்பதால் சாலை வழுக்குவதை ஓட்டுநர் உணரத் தவறுகிறார். பிணைக்கப்பட்ட முன்சக்கரங்கள் வளைவில் வழுக்கத் தொடங்கினால், வண்டி வளைவை விட்டு வெளிப்புறமாக ஒதுங்கும்.

முழுவதும் பனிக்கட்டி மூடிய சாலையில் 4எச் பொருத்தமானது. இமாச்சலப் பிரதேசத்தின் மலைச்சாலைகளில் உள்ளதுபோல் பனித்திட்டும் வெறும் தாரும் மாறிமாறி வருமிடங்களில், பனி முடிந்ததும் 2எச் நிலைக்குத் திரும்ப வேண்டும். பல வண்டிகளில் 2எச், 4எச் ஆகியவற்றுக்கிடையே ஓடும்போதே மாற்றலாம். அதற்கான வேக வரம்பு உரிமையாளர் கையேட்டில் இருக்கும். அப்போது சக்கரங்கள் நேராக இருத்தல் வேண்டும்.

மாற்று அமைப்புகள்

இரு அச்சுகளுக்கும் இடையே ஒரு நடு டிபரன்சியலைச் சேர்த்தால் இச்சிக்கல் தீர்கிறது. 1970இல் வெளிவந்த ரேஞ்சு ரோவர் இத்தகைய முழுநேர நாற்சக்கர இயக்கத்தைக் கொண்டிருந்தது. 1991இல் மிட்சுபிசி பஜேரோவில் வந்த அமைப்பு, இருசக்கர இயக்கம், நடு டிபரன்சியலுடன் கூடிய நாற்சக்கர இயக்கம், அதனைப் பூட்டிய நிலை ஆகியவற்றிலிருந்து தெரிவு செய்ய இடமளித்தது. இத்தகைய வண்டிகளைத் தார்ச்சாலையிலும் நாற்சக்கர இயக்கத்தில் ஓட்டலாம். ஆனால் நடு டிபரன்சியலைப் பூட்டிவிட்டால் அவையும் பகுதிநேர வண்டியைப் போன்றே நடந்துகொள்ளும். வண்டியின் பின்புறம் ஒட்டப்பட்டுள்ள '4x4' என்னும் பட்டயத்தைக் கொண்டு இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிய இயலாது.